சிவப்புப் பூவுக்கு எந்த விமானம்

ஒன்றரை வருஷமாக வராத வேலை என் மகளுக்கு ஒரே வாரத்தில் ரெண்டாக வந்தது. வேலை இல்லாமல் இருந்ததுதான் பெரிய கவலை என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். ரெண்டு வந்தபிறகுதான் ராத்திரி தூக்கம் போனது.

நான் உப்பளம் பகுதியில் வீடுகளுக்குக் கேன் தண்ணீர் போடுகிறவன். படிப்பு ஒன்பதாவதோடு சரி. என் சம்சாரம் பத்தாவது. எங்களுக்கு ஒரே பெண். அவள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறாள் என்றதும் தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் விமானத்தில் சாப்பாடு கொடுக்கிற படிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அரியாங்குப்பத்தில் இருந்த மனையைக் கொடுத்துத்தான் படிக்க வைத்தோம். அம்மன் கொடுத்த மனை, அவளே எடுத்துக்கொண்டாள். அதில் எங்களுக்கு வருத்தம் கிடையாது.

லைசன்ஸ் வாங்கி வந்ததும் வேலை தானாக வரும் என்று இருந்தோம். வரவில்லை. எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் விமானத்தின் முன்பக்கத்தை, பொத்தான்களும் கடிகாரங்களுமாக, பெரிய தாளில் அச்செடுத்து ஒட்டிவைத்திருந்தாள். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை மேலே நீட்டி ஒரு பொத்தான், கீழே ஒரு பிடி என்று தொட்டுத் தொட்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். கை மறந்துவிடக் கூடாதாம். துணி காயப்போட வரும் பக்கத்து வீட்டு அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு வேப்பிலை அடிச்சீங்களா?” என்று என் சம்சாரத்திடம் கேட்டாள். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு என் சம்சாரம் என் வண்டிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பொட்டு வைத்துவிட்டு, மாடிக்கு ஏறிப் போய் அந்தத் தாளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு எலுமிச்சம் பழத்தை நாற்காலிக்குக் கீழே நசுக்கினாள்.

இப்போது அந்த ரெண்டு வேலைக்கு வருகிறேன். ஒன்று பெரிய கம்பெனி. பெரிய ஜெட் விமானங்கள், நாடு முழுக்கப் போகும், வெளிநாடும் போகும். இன்னொன்று சின்ன கம்பெனி. ரெக்கையில் விசிறி வைத்த விமானம், எழுபது பேர் உட்காரலாம். எங்கள் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இறங்குவது அந்த ரகம்தான். ரெண்டு பேருமே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

“ஏன் பாப்பா, பெரிசுன்னா கண்ணை மூடிட்டுச் சேர வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“சேரலாம்பா. ஆனா எப்ப கிளாஸுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. கூப்பிடுவோம்னுதான் சொல்லியிருக்காங்க. எனக்கு முன்னாடி படிச்ச அக்கா ஒருத்தங்க அப்படித்தான் சரின்னு சொல்லிட்டு, இன்னும் வீட்டுல உட்கார்ந்திருக்காங்க.”

“அப்ப சின்னது?”

“அடுத்த மாசமே கிளாஸ். ஆனா அஞ்சு வருஷத்துக்கு வேற எங்கயும் போக மாட்டேன்னு கையெழுத்து போடணும். கம்பெனி புதுசு. நடுவுல அவங்க மூடிட்டா நான் நடுத்தெருவுல. பெரிய விமானமும் பழகியிருக்க மாட்டேன்.”

இன்னொன்றும் சொன்னாள். விமானக் கம்பெனியில் யார் முதலில் சேருகிறார்களோ அவர்களுக்குத்தான் வரிசையில் இடம் முன்னால். கேப்டன் ஆவது, நல்ல ஊர் கிடைப்பது, தீபாவளிக்கு லீவு கிடைப்பது எல்லாம் அந்த வரிசைப்படிதானாம். ஒரு வாரம் பிந்தினால் ஆயுசுக்கும் பிந்தினது மாதிரி. ரேஷன் கடை வரிசை மாதிரி என்றேன். “ஆமாம்பா, ஆனா பாதியில கடை மாத்துனா திரும்பக் கடைசியில போய் நிக்கணும்” என்றாள்.

அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் போடும் வீடுகளில் எல்லாம் இதே பேச்சு. நானாகச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை. டீக்கடைக்காரன், “அண்ணே, எந்தக் கம்பெனியில ஜன்னல் சீட்டு குடுப்பாங்களாம்?” என்றான்.

“டேய், ஓட்டறதே அவதான்டா.”

“அப்ப ஹாரன் நல்லா இருக்கறதா பாத்துச் சேரச் சொல்லு.”

ரெண்டு தெரு தள்ளி ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த பென்ஷனில் இருப்பவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கேனை இறக்கி வைக்கும்போது அவர் சொன்னார்: “பெரிசுல சேரச் சொல்லுப்பா. பட்டாளமோ கம்பெனியோ, பெரிசா இருந்தா உன் பேரு யாருக்கும் தெரியாது. ஆனா சோறு வந்துடும்.” அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அடுத்த வீட்டில், வங்கியில் வேலை பார்க்கிற அம்மா, “கையில இருக்கறத விட்டுட்டு வரப் போறதுக்குக் காத்திருக்கக் கூடாதுண்ணா” என்றார்கள். அதுவும் நியாயமாகப் பட்டது. காலையில் ஒரு நியாயம், மத்தியானம் ஒரு நியாயம் என்று மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

என் மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். லாஸ்பேட்டை ரோட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறேன். விசிறி விமானம் இறங்குகிறது. உள்ளே என் மகள். ஒரு மணி நேரம் கழித்து வீட்டில் வந்து ரசம் சாதம் சாப்பிடுகிறாள். இவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதே லாஸ்பேட்டையைத்தான் நினைத்துப் பயமாகவும் இருந்தது. எங்கள் ஊருக்கு விமானம் வரும், கொஞ்ச நாளில் நிற்கும், திரும்ப வரும். வண்டி நின்றுபோனால் அதை ஓட்டுகிறவள் என்ன ஆவாள்?

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது என் சம்சாரம், “நாளைக்குக் காலையில நம்ம அம்மன்கிட்ட பூ வச்சுக் கேட்டுடலாம்” என்றாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, “கேட்டுட்டு வாங்க” என்றாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எங்கள் குலதெய்வம் கோயில் ஆற்றைத் தாண்டி, அரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம். பூ வைத்துக் கேட்பது இப்படித்தான். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை நந்தியாவட்டை ஒன்று. ரெண்டையும் தனித்தனியாக வாழை இலைத் துண்டில் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் வைப்பார். கேட்கிறவர் மனசுக்குள் சிவப்புக்கு இது, வெள்ளைக்கு இது என்று வைத்துக்கொள்ள வேண்டும். வாய் விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அம்மனுக்கே நாம் வழி காட்டுகிற மாதிரி. அப்புறம் விஷயம் தெரியாத ஒரு ஆள் வந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். வந்த பூதான் உத்தரவு.

எங்கள் வீட்டில் இதற்கு எப்போதும் அவள்தான் போவாள். இப்போது இருக்கிற வீட்டுக்கு வரும்போது கேட்டாள், பாப்பாவை இந்தப் படிப்புக்கு அனுப்பும்போது கேட்டாள். அன்றைக்கு மட்டும் எனக்கு மனசு கேட்காமல், தண்ணீர் லைனுக்கு லீவு விட்டுவிட்டு நானும் கிளம்பிவிட்டேன். குளித்து, திருநீறு பூசி, அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு போனேன்.

கோயிலில் கூட்டம் இல்லை. புது பைக் ஒன்றுக்குப் பூஜை போட ஒருத்தர் வந்திருந்தார். பூசாரி பொட்டலம் கட்டினார். “ரெண்டு பேரும் மனசுல வச்சுக்கோங்க” என்றார். நான் கண்ணை மூடி, என் ஆசையைத்தான் சிவப்புக்கு வைத்தேன். அம்மனுக்கு உகந்த நிறம் சிவப்பு, அது சின்ன விமானம். வெள்ளை, பெரிய விமானம். தாயே, எனக்குத் தெரியாது, நீ பார்த்துச் சொல்லு என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் என் சம்சாரம் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமாகக் குழந்தைகளைத்தான் எடுக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூட நாள், குழந்தை யாரும் இல்லை. பூசாரி அந்த பைக்காரரைக் கூப்பிட்டார். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, “எதுன்னா ஒன்னுதானே?” என்று கேட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தால் சிவப்பு அரளி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் சம்சாரமும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ரெண்டு பேரும் விழுந்து கும்பிட்டோம்.

திரும்பி வரும்போது ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. வாரம் முழுக்க இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. “பாத்தியா, சின்ன விமானம்னு எவ்ளோ சுளுவா சொல்லிட்டா” என்றேன்.

“இன்னா சொன்னீங்க?” என்றாள் பின்னாலிருந்து.

“சிவப்பு வந்துச்சே. சின்ன விமானம்.”

“ஏங்க, சிவப்பு பெரிய விமானம்தானே?”

பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். “யாரு சொன்னது சிவப்பு பெரிசுன்னு?”

“நான் வச்சேன். நான்தானே எப்பவும் வைப்பேன்.”

“பூசாரி ரெண்டு பேரையும்தான வைக்கச் சொன்னாரு?”

“சொன்னா? ஒரு பூவுக்கு ரெண்டு பேரு வச்சா அம்மன் யாரத்தான் பாப்பா?” கையில் பூஜைத் தட்டோடு ரோட்டோரம் இறங்கி நின்றாள். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எங்களைத்தான் பார்த்தார்கள். “உங்கள யாரு வரச் சொன்னது? இத்தன வருஷம் நான் தனியாத்தான கேட்டேன். ஒழுங்காத்தான நடந்துச்சு?”

வண்டியைத் திருப்பினேன். பூசாரி நடையைச் சாத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். திரும்ப ஒரு தரம் பூ வைக்க முடியுமா என்று கேட்டேன். “ஒரு காரியத்துக்கு ஒரு வாட்டிதான்பா. திரும்பத் திரும்ப மனு குடுக்க இது இன்னா தாலுகா ஆபீசா?” என்றார். பைக்காரர் அங்கேயே தேங்காய் மூடியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. “அப்ப நான் எடுத்தது தப்பா சாமி?” என்றார். “நீ ஒன்னும் பண்ணல, போய்ட்டு வா” என்றார் பூசாரி. அவர் அப்படியும் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தார்.

கோயிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும். “சரி, எதுக்குப் பெரிசுக்குச் சிவப்பு வச்சே? அதச் சொல்லு” என்றேன்.

பூஜைத் தட்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தாள். “சின்ன விமானம்னா லாஸ்பேட்டையில எறங்கும்” என்றாள்.

“அதுக்குத்தான் நான் சிவப்பு வச்சேன்.”

“அதுக்குத்தான் நான் வெள்ளை வச்சேன். எறங்குனா வீட்டுக்கு வருவா. வந்தா நீங்க விட மாட்டீங்க. உங்க அக்கா ஜாதகத்தத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. ராத்திரி எறங்கி வந்தவளுக்கு நானே பாத்திரம் கழுவச் சொல்லுவேன், என்னை எனக்குத் தெரியாதா? நான் லாஸ்பேட்டையில பொறந்து உப்பளத்துல வாழ வந்தவ. என் தூரம் அவ்ளோதான். அவ தூரம் போகட்டும்ங்க.”

இருபத்தஞ்சு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். அவள் மனசில் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. நான் ஆசைப்பட்டதற்குத்தான் அவள் பயந்திருக்கிறாள். அவளிடம் கோபப்படவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் மாடியில் இருந்தாள். நாற்காலியில்தான். காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். “இன்னா பூ வந்துச்சு?” என்றாள். முகத்தை சாதாரணமாக வைத்துக்கொண்டாள், ஆனால் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளும் அந்தப் பூவுக்காகக் காத்திருக்கிறாள் என்று.

மறைக்கத் தோன்றவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். நான் நிறுத்திய இடத்தில் என் சம்சாரம் சொன்னாள். ரெண்டு பேரும் எதற்காக எதை வைத்தோம் என்பது வரைக்கும். முடித்ததும் மகள், “பைக்காரர்தான் பாவம்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண் கலங்கிவிட்டது.

“நீ சொல்லு பாப்பா” என்றாள் என் சம்சாரம். “உனக்கு எது?”

இந்த ஒரு வாரத்தில் அவளிடம் எந்தக் கம்பெனி எப்படி என்று நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ரெண்டு பேருமே கேட்கவில்லை.

“எனக்குப் பெரிய விமானம்தான் ஆசைமா” என்றாள். “சின்னப் பிள்ளையிலேர்ந்து அதுதான். ஆனா ஒன்றரை வருஷமா நான் இந்த நாற்காலியிலதான் பறக்கறேன். இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னா என் கைக்கு நெசமாவே மறந்துடும். அந்த பயம் வந்துடுச்சு எனக்கு. எது முதல்ல உட்கார வைக்குதோ அதுல உட்கார்றேன்.”

“கம்பெனி மூடிட்டா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

“மூடிட்டா ஓட்டுன மணி நேரக் கணக்காவது கையில இருக்கும்பா. வீட்டுல இருந்தா அதுவும் இல்லை.”

என் சம்சாரம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அரளி கொஞ்சம் வாடியிருந்தது. அதை மகள் தலையில் வைத்துவிட்டாள். மகள் கீழே இறங்கிப் போய், விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, சின்ன கம்பெனிக்குச் சரி என்றும் பெரிய கம்பெனிக்கு மன்னிக்கணும் என்றும் போனிலேயே பதில் அனுப்பினாள். நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஆசையைக் கேட்டதால்தான் இதை எடுத்தாளோ என்று ஒரு பக்கம். அம்மன் நிஜமாகவே என் சம்சாரத்துக்குத்தான் பதில் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம்.

பயிற்சி முடிந்து எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். கௌஹாத்தி. போனில் மகள் சொன்னபோது எனக்கு அது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வங்கியில் வேலை பார்க்கிற அம்மா வரைபடத்தில் காட்டினார்கள், கைக்கு எட்டாத மூலையில் இருந்தது. மலைகளுக்கு நடுவில் சின்னச் சின்ன ஊர்களில் இறங்குகிற வேலை. லாஸ்பேட்டை அவள் வழியிலேயே இல்லை. என் சம்சாரம் அன்றைக்கு ராத்திரி, “பாத்தீங்களா, சின்ன விமானமும் குடுத்தா, தூரமும் குடுத்தா. ரெண்டு பேரு வச்சதையும்தான் கேட்டிருக்கா” என்றாள். சொன்னவள்தான் அழுதாள்.

பெரிய கம்பெனி ஏழெட்டு மாசத்தில் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டது. மகளோடு படித்த பெண் ஒருத்தி இப்போது அதில் ஜெட் ஓட்டுகிறாள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் தொட்டியில் தண்ணீர் வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் என்று மகளிடம் வாய் தவறிச் சொன்னேன். “அவ காத்திருந்தாப்பா, நான் பறந்தேன்” என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் அதெல்லாம் தெரிவதில்லை. அவள் கம்பெனி இதுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. மாசம் பிறந்து சம்பளம் வந்துவிட்டது என்று அவள் சொல்கிறவரைக்கும் எனக்கு மூச்சு முழுசாக வராது.

தினமும் கடைசி விமானம் இறங்கியதும் எங்களுக்கு ஒரே வார்த்தை அனுப்புவாள்: ‘எறங்கிட்டேன்.’ அது வந்தபிறகுதான் என் சம்சாரம் விளக்கைக் குளிர வைப்பாள். மழை, மேகம் என்று அங்கே இறங்க முடியாத நாட்களில் வார்த்தை பிந்தும். விளக்குக்கு எண்ணெய் விட்டு விட்டு உட்கார்ந்திருப்பாள். நான் வாசலில் நிற்பேன்.

லாஸ்பேட்டை பக்கம் கேன் போடப் போகும்போது சில நாள் விசிறிச் சத்தம் கேட்கும். வண்டியை ஓரங்கட்டி நிற்பேன். விமானம் வீடுகளுக்கு மேலே தாழ்ந்து வரும், சக்கரம் தெரியும், முன்கண்ணாடி வெயிலில் மின்னும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாது. யார் பெற்ற பிள்ளையோ, தாயே, பத்திரமாக இறக்கு என்று சொல்வேன். அங்கே மலையடிவாரத்தில் கேன் தூக்குகிற ஒருத்தன் நின்று என் பிள்ளைக்கும் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் வந்ததும் அடுத்த வீட்டுக்குக் கேனைத் தூக்குவேன்.